மாமனாரின் பூக்காட்டில் ஒரு பெண் பார்த்தல்

என் மாமனார் கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸ் பூராவும் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, பின்னால் ஓடி மறையும் ஊர்களைப் பார்த்துக்கொண்டே போனவர். ஊர் திரும்பியபோது பாகப்பிரிவினையில் அவர் பங்குக்கு வந்தது மானாம்பதிக்குப் பக்கத்தில், ஏரித் தண்ணீர் ஏறாத ஒரு மேட்டு நிலம். முதல் வருஷம் வேர்க்கடலை விதைத்தார். பாதியை மழை ஏமாற்றியது, மீதியைப் பன்றி தோண்டியது. அடுத்த வருஷம் எதையும் விதைக்கவில்லை. பங்காளியின் ஆடுகள் கேட்காமல் உள்ளே நுழைகின்றன என்ற ஒரே கோபத்தில், சுற்றிலும் முள் வெட்டிப் போட்டு வேலி அடைத்தார். விவசாயம் என்று அந்த வருஷம் அவர் செய்தது அவ்வளவுதான்.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தது. ஆடு வாய் வைக்காத நிலம் கார்த்திகையில் பூத்துத் தள்ளியது. பண்ணைக்கீரை இடுப்பளவு வளர்ந்து, வெள்ளையும் ரோஸுமாகக் கதிர் கதிராக நின்றது. அதன் காலடியில் தும்பை. ஓரங்களில் ஆவாரை. குனிந்து பார்த்தால் மூக்குத்திக் கல் அளவில் நீலமாக விஷ்ணுகிராந்தி. வேலியைச் சரிபார்க்கப் போன மாமனார் மத்தியானம் சாப்பாட்டுக்கு வரவில்லை. தேடிப் போன என் கணவர் தனியாகத் திரும்பி வந்தார்.

"அப்பா நெலத்துல நின்னுக்கினு கீறாரு."

"இன்னா பண்றாரு?" என்று கேட்டார் மாமியார்.

"ஒண்ணும் பண்ணல. நின்னுக்கினு கீறாரு."

எனக்குக் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பிறந்து வளர்ந்தது செங்கல்பட்டு டவுனில். நிலத்தைப் பார்த்து ஒரு மனிதர் பிரமை பிடித்து நிற்பதெல்லாம் கிராமத்து வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் மோர் கொடுக்கும்போது அவராகவே என்னிடம் சொன்னார்.

"லைன் ஓரத்துல இந்தப் பூவெல்லாம் வருசா வருசம் பாப்பேன்மா. எறங்கிப் பாக்கணும்னு தோணும். பூ இருக்கிற எடத்துல வண்டி நிக்காது. வண்டி நிக்கிற எடத்துல கரியும் எண்ணெயும்தான் இருக்கும். இன்னிக்குத்தான் எறங்கினேன்."

அதன் பிறகு அந்த நிலத்தை அவர் ஒரு ஸ்டேஷன் மாதிரி பராமரித்தார். மாசியில் விதை உதிர்ந்த பிறகுதான் புல்லை அறுப்பார். பங்குனியிலிருந்து ஆனி வரை பங்காளியின் ஆடுகளே உள்ளே வரலாம். ஆடி பிறந்தால் கேட் மூடிவிடும். பார்த்தீனியச் செடியை மட்டும் கண்ட இடத்தில் வேரோடு பிடுங்குவார். டிக்கெட் இல்லாமல் வண்டி ஏறுகிறவர்களைச் சொல்வது போல, அதற்கு அவர் வைத்த பெயர் 'வித்தவுட்'. காலையில் கையுறை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, "வித்தவுட் புடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அடுத்த கார்த்திகையில் அவருடைய பழைய ரயில்வே நண்பர்கள் நாலைந்து பேர் அரக்கோணத்திலிருந்து வந்தார்கள். அவர்களை இஷ்டத்துக்கு நடக்க விட்டால் பூவெல்லாம் மிதிபடும் என்று, அரிவாளால் ஒற்றையடிப் பாதை வெட்டி வைத்திருந்தார். எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். அப்போதுதான் ஒரு சிக்கல் வந்தது. வழி தெரிந்தவர் அவர் ஒருவர். வழி தெரிந்தவர் முன்னால் போக வேண்டும். ஆனால் அவர் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

"நீ முன்னாடி போப்பா" என்றார் ஒரு நண்பர்.

"கார்டு முன்னாடி போற வண்டி எங்கனா கீதா?"

நண்பர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற டிரைவர். அவரை முன்னால் போகச் சொன்னார்கள். முழங்கால் வலி, மேட்டில் ஏற மாட்டேன் என்றார். காபித் தூக்கோடு வேலியோரம் நின்றிருந்த என் மேல் மாமனாரின் பார்வை விழுந்தது.

"நீ எஞ்சினா நில்லும்மா."

இப்படித்தான் நான் எஞ்சின் ஆனேன். புதுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தேன். கடைசியிலிருந்து அவர் விசில் ஊதுவார். பச்சைக் கொடி காட்டினால் நடக்க வேண்டும். சிவப்பு காட்டினால் அவரவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், பேசக் கூடாது, சுற்றிலும் பார்க்க வேண்டும். நிஜக் கொடிகளை ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட்டதால், சிவப்பை மாமியாரின் பழைய உள்பாவாடையிலும் பச்சையை என் கல்யாண ரவிக்கையில் மிஞ்சிய துணியிலும் நான்தான் தைத்துக் கொடுத்திருந்தேன். அந்த உள்பாவாடை விஷயத்துக்காக மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சேதி மெல்லப் பரவியது. டீக்கடையில் ஒரு அட்டை எழுதி மாட்டினோம். கார்த்திகை, மார்கழி, தை மாத ஞாயிறுகளில் காலை வெயில் ஏறிய பிறகு பூ பார்க்க வரலாம், பறிக்கக் கூடாது, முந்தக் கூடாது. உத்திரமேரூரிலிருந்தும் வாலாஜாபாத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒருமுறை தாமலிலிருந்து ஒரு பஜனைக் குழுவே வந்தது. ஒவ்வொரு ஊர்க்காரரும் ஒரே பூவுக்கு ஒவ்வொரு பெயர் சொல்லிச் சண்டை போட்டார்கள். தாத்தாப்பூ என்றார் ஒருவர், வெட்டுக்காயப் பூண்டு என்றார் இன்னொருவர். எஞ்சினுக்கு எந்தப் பெயரும் தெரியாது. மாமனாரைக் கேட்டால், "பேரு எதுவா இருந்தா இன்னா, வரிசைய வுட்டு வராதீங்க" என்பார்.

மாமியார் மட்டும் அந்தப் பக்கமே திரும்பவில்லை. "புல்லு பாக்க பஸ்ஸு ஏறி வராங்களாம். நாஷ்டா துன்னுட்டு வராங்களோ இல்ல துன்னாமயே வராங்களோ" என்று தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் ஒரு மார்கழி மாதம், வரும் ஞாயிற்றுக்கிழமை நிலத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கைக்கு ஒரு மகள். உத்திரமேரூர்ப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். உயரமாக, களையாக இருப்பாள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. காரணம் அவள் முகமல்ல, வாய். மாப்பிள்ளையிடம் திருப்பிக் கேள்வி கேட்பாள். ஒருத்தனிடம், "உங்க அண்ணி ஏன் அம்மா வூட்டுக்குப் போனாங்க?" என்று கேட்டுவிட்டாள். கடைசியில், இனிமேல் தட்டைத் தூக்கிக்கொண்டு எவன் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன், பார்ப்பதென்றால் இரண்டு பேரும் பாதி வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

அந்தப் பாதி வழி எங்கள் நிலம் என்று முடிவு செய்தவர் என் மாமியார். மாப்பிள்ளை வீடு தென்னேரி. பையன் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறவன். இரண்டு வீட்டாரும் பூ பார்க்க வருகிற மாதிரி வர வேண்டும், மாமனாருக்குத் தெரியக் கூடாது.

"தெரிஞ்சா இன்னா அத்தை?" என்று கேட்டேன்.

"அந்த மனுசன் அது இன்னா கோயிலான்னு குதிப்பாரு. நீ வாயத் தொறக்காத. முன்னாடி போறவ, மெதுவாப் போ. அவ்ளோதான் உன் வேல."

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் முதலில் வந்தார்கள். பையன், அவன் அம்மா, அத்தை, தாய்மாமன். பையன் வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தான். சட்டைப் பை மட்டும் எதையோ வைத்து உப்பியிருந்தது. கேட்டைத் தாண்டும்போது கம்பத்தில் தோளை இடித்துக்கொண்டு, கம்பத்திடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒதுங்கினான். பிறகு பெண் வீட்டார். பெண், அம்மா, அப்பா, கூடவே என் மாமியார், ஊரார் யாரோ என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு. மாமனார் எல்லாரையும் எண்ணிப் பார்த்துத் திருப்தியடைந்தார். நல்ல கூட்டம்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு திட்டம் இருந்தது. பெண் முன்னால் நடக்க வேண்டும், நடை எப்படி என்று பின்னாலிருந்து தான் பார்க்க வேண்டும். பையனின் அத்தைக்குப் பெண்ணின் நிறத்தை வெயிலில் பார்க்க வேண்டும். அதனால் அத்தை பெண்ணுக்குப் பக்கத்தில் நடக்கப் பார்த்தார். உடனே விசில்.

"ஒருத்தர் பின்னாடி ஒருத்தர். டபுள் லைன் கெடையாது."

"நான் சும்மா ஒரு பக்கமா" என்றார் அத்தை.

"சைடுல தும்பை கீது பாரும்மா. மிதிக்காத."

பெண் வேகமாக நடப்பவள். மெதுவாகப் போ என்று எனக்கு உத்தரவு, அவளோ என் குதிகாலை மிதித்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மாவால் அந்த வேகத்துக்கு வர முடியவில்லை. நடுவில் பெரிய இடைவெளி விழுந்துவிட்டது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பண்ணைப்பூக்களுக்கு மேலே ஆடிக்கொண்டு போகும் ஒரு பின்னல் மட்டும். முந்திப் போகலாமென்று ஓரம் கட்டினார். விசில்.

"ஓவர்டேக் கூடாதும்மா."

"இன்னாய்யா இது, ஒரே பேஜாரா கீது" என்று அவர் முணுமுணுத்தது முன்னால் போன எனக்கே கேட்டது.

மாப்பிள்ளையின் நிலைமை இன்னும் மோசம். பாதை எது, புல் எது என்று தெரியாமல் நடந்து, நேராக நெருஞ்சிக்குள் காலை வைத்தான். செருப்பைக் கழற்றி ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்க உட்கார்ந்தான். எல்லாரும் அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள். எழுந்தபோது வரிசையில் கடைசி ஆளாக, கார்டுக்கு நேர் முன்னால் நின்றான். வேட்டியில் முழங்கால் வரை நாயுருவி ஒட்டியிருந்தது.

அந்த நிலத்தின் நடுவில் ஒரு பெரிய காரைப் புதர் உண்டு. உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு புற்று. பாதை அந்தப் புதரைச் சுற்றிக்கொண்டு, வந்த வழிக்குப் பக்கத்திலேயே திரும்பும். அதனால் நீளமான வரிசையாக இருந்தால், முன்னால் போகிறவர்கள் திரும்பி வரும்போது கடைசியில் வருகிறவர்களுக்கு எதிரே வந்துவிடுவார்கள். நடுவில் ஒரு கை அகலத்துக்குப் பூதான் இருக்கும். நான் அப்படித் திரும்பி வந்தேன். எனக்குப் பின்னால் பெண். எனக்கு முன்னால் பாதையின் குறுக்கே, வெயில் காய்ந்துகொண்டு ஒரு சாரைப் பாம்பு.

நான் கையைத் தூக்கினேன். சத்தம் வரவில்லை. கார்டுக்கு அதுவே போதும். சிவப்புக் கொடி மேலே போனது.

"பாம்பு. யாரும் நகரக் கூடாது. நின்ன எடத்துல நில்லுங்க."

புதருக்கு அந்தப் பக்கம் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு நாங்கள் தெரியவில்லை, எங்களுக்கு அவர்கள் தெரியவில்லை. அத்தை முருகனைக் கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது. இந்தப் பக்கம் நானும் பெண்ணும். எதிரே, பூக்களுக்கு அப்பால், மாப்பிள்ளையும் மாமனாரும்.

மாப்பிள்ளை எங்கள் திசையில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்து, இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஆவாரைச் செடியைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான்.

"பாக்கெட்ல கீறது கண்ணாடியா?" என்று பெண் கேட்டாள்.

அவன் கை பாக்கெட்டுக்குப் போனது. "ஆமா."

"பவர் அதிகமா?"

"கொஞ்சம் அதிகந்தான். அம்மா போட வேணாம்னு சொன்னாங்க."

"போட்டுக்குங்க. இவ்ளோ தூரம் பஸ்ஸு ஏறி வந்து ஒண்ணும் பாக்காம போவீங்களா?"

போட்டுக்கொண்டான். சோடா பாட்டில் அடி மாதிரி கனமான கண்ணாடி. முதலில் அவளைப் பார்த்தான். காது சிவந்தது. பார்வையைத் திருப்பிக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். முழுசாக ஒரு சுற்றுப் பார்த்தான்.

"இதெல்லாம் பூவா" என்றான். "நான் யாரோ வேலியில துணி காயப் போட்டுக்கீறாங்கன்னு நெனச்சேன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரிடம் திட்டு வாங்குவாள் என்று கேள்வி. புதருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா மகனுக்குக் குரல் கொடுத்தார்.

"நைனா, இன்னா அங்க சத்தம்?"

"பேசக் கூடாதும்மா" என்றார் மாமனார். "சிவப்பு."

பாம்பு ஒரு முறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்தது.

"உங்களுக்குக் கோவம் வருமா?" பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

அவன் யோசித்தான். "வரும். வந்தா தூங்கிடுவேன்."

"எழுந்தப்புறம்?"

"மறந்துடும்." கொஞ்சம் தயங்கினான். "நீங்க நெறய பேசுவீங்கன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"தரகரு."

"அவரு சொன்னதுல அது ஒண்ணுதான் நெசம்."

"எங்க வூட்ல அம்மா மட்டுந்தான் பேசுவாங்க. பதில் சொல்ல ஆளில்ல" என்றான் அவன். குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு நாற்காலி குறைகிறது என்பது போலச் சொன்னான்.

என் மாமனார் அவனுக்குப் பின்னால், கொடியைத் தூக்கிப் பிடித்தபடி, நேரே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். தரகர் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் கண் மட்டும் அசைந்தது. பெண்ணைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இதோ, கொடியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் சாரை நிதானமாக நகர்ந்து, தும்பைக்குள் நுழைந்து, வேலியைத் தாண்டிப் பங்காளி நிலத்துக்குப் போனது. வால் நுனி மறையும் வரை நான் பார்த்தேன்.

"மாமா, பாம்பு போயிடுச்சு" என்றேன்.

கொடி இறங்கவில்லை.

"மாமா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். வேலியத் தாண்டிடுச்சு."

"இன்னொண்ணு கீது" என்றார்.

"எங்க?"

"வரும். நில்லு."

ஒரு வண்டியும் தன்னால் தாமதம் ஆனதில்லை என்று தினமும் சாப்பாட்டு வேளையில் சொல்லுகிற மனிதர் அவர். ஒரு கை வலித்ததும் கொடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அந்தப் பக்கம் அத்தை, இன்னும் எவ்வளவு நேரம் என்று அழாக்குறையாகக் கேட்டார். "லைன் க்ளியர் இல்ல" என்று பதில் போனது. இந்தப் பக்கம் அந்தப் பெண், நாயுருவியை எப்படி எதிர்ப்பக்கமாக உருவ வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே, மில்லில் எலி பிடிக்கும் பூனையைப் பற்றிச் சொன்னான். நான் சிரிப்பை அடக்க முடியாமல், தலையைத் திருப்பிக்கொண்டு வானத்தைப் பார்த்தேன்.

பேச்சு தானாக ஓய்ந்து, இரண்டு பேரும் சும்மா நின்றபோதுதான் பச்சை காட்டினார்.

வீட்டில் சாப்பாடு. பண்ணைக்கீரைக் கடைசல், அப்பளம், ரசம். மாப்பிள்ளையின் அம்மா கோபத்தில் இரண்டாம் முறையும் கீரை போட்டுக்கொண்டார்.

"பொண்ணோட நடையும் பாக்கல, வெயில்ல நெறமும் பாக்கல. பாம்புக்குப் பயந்து ஒரு புத்துக்கிட்ட நின்னதுதான் மிச்சம். நைனா, நாம போயிட்டு இன்னொரு நாளு மொறையா வரலாம்."

"வேணாம்மா" என்றான் பையன், கண்ணாடியைக் கழற்றாமல். "நான் பாத்துட்டேன்."

எல்லாரும் போன பிறகு மாமனார் மாமியாரைக் கூப்பிட்டார்.

"என்கிட்ட சொல்லியிருந்தா இன்னா?"

"சொன்னா ஒத்துக்கினு இருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான்."

மாமனார் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போனார். ஆனால் எனக்குக் கேட்டே ஆக வேண்டும். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவரிடம், அந்த இரண்டாவது பாம்பு எங்கே இருந்தது மாமா என்றேன். "உனக்கு முன்னாடி பாக்கத் தெரியும். பின்னாடி இருக்கிறவனுக்குத் தெரியறது உனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாகும் வரை பாம்பு இரண்டு என்றே சொன்னார்.

தை முடிவதற்குள் தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். பங்குனியில் கல்யாணம். பிறகு எங்களுக்குத் தொல்லை ஆரம்பித்தது. அந்த நிலத்தில் நின்றால் கல்யாணம் கூடும் என்று பேச்சு கிளம்பி, பட்டுப்புடவையில் பெண்களும் சென்ட் அடித்த பையன்களும் வர ஆரம்பித்தார்கள். மாமனார் கேட்டில் நின்று முகம் முகமாகப் பார்த்து, "இது வெயிட்டிங் ரூம் இல்ல" என்று திருப்பி அனுப்புவார். மாமியார் பின்பக்க வேலியில் ஒரு சந்து வைத்து உள்ளே விடுவார். அப்படி நுழைந்த ஒரு கூட்டத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா, வெல்வெட் மாதிரி பளபளத்த ஒரு காயைத் தடவிப் பார்த்தார். அது பூனைக்காலி. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வரை சொறிந்துகொண்டே போனார். அந்தச் சம்பந்தம் அதோடு முறிந்தது. பின்வேலிச் சந்தை மாமியாரே முள் வைத்து அடைத்தார்.

அடுத்த மார்கழியில், ஒரு ஞாயிறு, தையல் டீச்சரின் மாமியார் தென்னேரியிலிருந்து தனியாக வந்து இறங்கினார். மகனும் மருமகளும் சௌக்கியமா என்று கேட்டேன். "அவங்களுக்கு இன்னா, நல்லாத்தான் கீறாங்க. அன்னிக்கு நான் ஒண்ணுமே பாக்கல. இன்னிக்குப் பாக்கணும்" என்றார்.

ஒருவருக்காக வண்டி கிளம்புமா என்று நான் யோசித்தேன். மாமனார் கடைசியில் போய் நின்றார். நான் முன்னால், அந்த அம்மாள் நடுவில். அவர் ஒவ்வொரு பூவிடமும் நின்று, குனிந்து, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விசில் ஊதப்படவில்லை. மேட்டின் உச்சியில் ஒரு வேப்பமரம் உண்டு. அதன் அடியில் உட்கார்ந்துகொண்டார்.

"வூட்ட வுட்டு வந்து இப்படிச் சும்மா குந்தி எத்தினி வருசம் ஆச்சோ" என்றார்.

சொல்லிவிட்டு மரத்தில் சாய்ந்து, கொஞ்ச நேரத்தில் தூங்கிப் போனார். லேசாகக் குறட்டைகூட வந்தது. கேட்டில் அடுத்த கூட்டம் வந்து காத்திருந்தது. மாமனார் அவர்களிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். நான் அவர்களை வேலியோரமாக, மறுபக்கத்து வழியில் கூட்டிக்கொண்டு போனேன். சுற்றி முடித்துத் திரும்பி வந்தபோதும் அந்த அம்மாள் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். மடியில் இரண்டு வேப்பம் பழுப்பிலைகள் விழுந்து கிடந்தன.